இரண்டு குசினிகள்

ஆறு ஒருவனுடைய நிலத்தில் ஒரு பகுதியை அரித்துக்கொண்டு போனால் அவன் அரசனிடம் முறையிடலாம். அரசன் ஆட்களை அனுப்பி, போன நிலத்தை அளப்பித்து, மிச்சத்துக்கு மட்டும் வரி விதிப்பான். பண்டைய எகிப்தில் இப்படி ஒரு விதி இருந்ததாகச் சொல்கிறார்கள். இல்லாததற்கு வரி இல்லை. இல்லை என்று ஒருவன் சொன்னால் வந்து பார்க்க வேண்டும். கனடாவில், மில்லிக்கனில் என் பக்கத்து வீட்டு விதவைக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

அவருடைய வீட்டு வரி திடீரென்று ஏறியிருந்தது. நான் கொழும்பிலும் பிறகு இங்கேயும் வரி அலுவலகங்களில் உழைத்து ஓய்வு பெற்றவன். கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வாசித்தேன். ஒரு குடும்பம் வாழும் வீடு, இரண்டு குடும்பங்கள் வாழும் வீடாகியிருந்தது.

"பேஸ்மென்ற்றை வாடகைக்குக் குடுத்திருக்கிறீரோ?"

"ஐயோ அண்ணை, அங்க ஆர் இருக்கினம்? ஒரு படிவம் வந்தது. எத்தினை குசினி எண்டு கேட்டிருந்தவங்கள். ரெண்டு எண்டு எழுதினன்."

"ஏன் ரெண்டு?"

"ரெண்டு இருக்குத்தானே. மேல சைவம், கீழ மச்சம். பொய் எழுதச் சொல்லுறீங்களோ?"

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை இவ்வளவு நேர்மையாகச் செய்திருக்க முடியாது. மேலே சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மீன் பொரிக்கக் கூடாது என்பதற்காக, கணவர் இருந்த காலத்திலேயே நிலவறையில் ஓர் அடுப்பு வைத்து இரண்டாவது சமையலறை ஆக்கியிருந்தார்கள். அலுவலகமோ அடுப்பைக் கண்டு குடும்பத்தை ஊகித்துக்கொண்டது.

அவருடைய ஓய்வூதியம் அந்த வரியைத் தாங்காது. பிறம்ரன் நகரில் இருக்கும் மகன் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்திருக்கச் சொல்லி, வீடு விற்கும் முகவரின் பத்திரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டான். நவம்பர் முடிவதற்குள் கையெழுத்திட வேண்டும்.

"மகன் நல்லவன்தான் அண்ணை. ஆனா அங்க ஒரு குசினி. கோழி பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில வச்சு நான் எப்பிடி வெள்ளிக்கிழமை பொங்கிறது?"

"பதில் வரும்வரைக்கும் கையெழுத்து வைக்காதையும்" என்றேன்.

மீளாய்வு விண்ணப்பத்தை முறைப்படி எழுதினேன். நேரில் வந்து பார்க்கும்படி கேட்டேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து நினைவூட்டினேன். நினைவூட்டல் கிடைத்தது என்று இன்னொரு கடிதம் வந்தது. இந்த வகைக் கடிதங்களை நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். அவற்றின் பொருள் எனக்குத் தெரியும். கோப்பை இன்னும் யாரும் திறக்கவில்லை.

எகிப்தின் கணக்கர்களும் தங்கமானவர்கள் அல்லர். தானியம் கொடுக்காதவனைக் குப்புறக் கிடத்தி அடித்தார்கள். ஆனாலும் அடிப்பதற்கு முன்னர் கயிற்றோடு வயலுக்கு வந்து அளந்தார்கள். இதையும் என் மூன்றாவது கடிதத்தில் ஒரு பந்தியாகச் சேர்த்தேன். அது விதிகளுக்குப் புறம்பானதுதான். ஆனால் இரண்டு வாரத்தில் ஓர் அலுவலர் வந்தார். பகிடியை யாரோ வாசித்துச் சிரித்திருக்க வேண்டும்.

இளைஞர், கையில் அளவுக் கருவி. கயிறு இல்லாதது எனக்குச் சிறு ஏமாற்றம். நிலவறையில் அடுப்பைப் பார்த்துவிட்டு, குடியிருப்பவர் எங்கே தூங்குகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி உறைபெட்டியைத் திறந்து விளைமீன்களைக் காட்டினார்.

"உவையள்தான் குடியிருக்கினம். வாடகை தாறேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன். அலுவலர் சிரிக்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டார். கட்டிலோ தனி வாசலோ கழிவறையோ இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். வடை கொடுத்தபோது, பரிசு வாங்கக் கூடாது என்று சட்டத்தைச் சொன்னார். அது சரியான சட்டம்.

பிறகு அலுவலகத்திலிருந்து மறுபடியும் ஒன்றும் வரவில்லை. மகன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கீழே மீன் சாப்பிட்டுவிட்டு, மேலே வந்து பத்திரத்தைப் பற்றிக் கேட்டான். தாய் பேனை எழுதவில்லை என்றார். அடுத்த ஞாயிறு கண்ணாடியைக் காணவில்லை என்றார். நவம்பர் கடைசி வாரத்தில் சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை.

விண்ணப்பம் என் கையால் போனதால் பதில் என் தபால்பெட்டிக்கே வந்தது. ஒரு குடும்பம் வாழும் வீடு, இரண்டாவது அடுப்பு சொந்தப் பாவனைக்கு, வரி பழையபடி. வீட்டுச் செருப்பை மாற்றாமலே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் பத்திரத்தை நான்காக மடித்து, மேல் குசினியில் ஆடிய மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். அன்று நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை.