சாவு வீட்டுக்குப் போய் வந்த பெஞ்சு

திருத்தணியில் அப்போது பெஞ்சு என்றால், கேட்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும். வழக்கு உள்ளவனுக்கு அது பெஞ்சு கோர்ட்டு. அங்கே மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்தது என்னவோ நாற்காலியில்தான். என் வகுப்புப் பையன்களுக்கு ஏறி நிற்கும் தண்டனை. சாவு விழுந்த வீட்டுக்கு, உடலைக் கிடத்த அவசரமாகத் தேடும் பலகை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி உத்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எங்கள் தெரு ஜவுளிக்காரர் இறந்தார். இரண்டு பெஞ்சுகள் போயின. ஒன்று அவர் வீட்டுக்கு எதிரே இருந்த காப்பி கிளப்பிலிருந்து. மற்றது என் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து. ஒரே தச்சர் செய்தவை, அச்சாக ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் அவரைக் கிடத்தினார்கள். மற்றதில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்தோம். மாலையில் இரண்டும் திரும்பி வந்தன.

கிளப்புக்காரர் தன் பெஞ்சைக் கழுவினார். அதுதான் வினையாயிற்று.

"இன்னாத்துக்குக் கழுவுறாரு?" என்றார் குதிரை வண்டிக்காரர் என் காதருகே. அன்று எல்லோரும் நின்றபடியே காப்பி குடித்தார்கள். மறு வாரம் பெஞ்சுக்குப் பச்சைப் பெயிண்டு அடித்தார். "பாத்தீங்களா வாத்தியாரே, மறைக்கிறாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. குனிந்து பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு கறை. மஞ்சள் நீரா, பழைய சாம்பாரா? துக்க வீட்டில் போய் இதையெல்லாம் கேட்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சை யாரும் சந்தேகிக்கவில்லை. அதை யாரும் கழுவவில்லையே.

சித்திரை பிறப்பதற்குள் பாதிப் பேர் ஸ்டேஷன் ரோட்டுக் கிளப்புக்கு மாறிவிட்டார்கள். எங்கள் கிளப்புக்காரர் மாவாட்டும் ஆளை வேலையிலிருந்து நிறுத்தினார். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மாமனார் ஊரான மணவூருக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

ஒரு நாள் காலை, நின்றுகொண்டே டம்ளரை நீட்டிய வண்டிக்காரரிடம் வெடித்துவிட்டார்.

"பொணம் கெடந்தது பள்ளிக்கூடத்து பெஞ்சுல, நைனா! எங்க பெஞ்சுல இந்த வாத்தியாருதான் குந்திகினு இருந்தாரு. கேட்டுக்கோ!"

"ஆங், அப்படியா? சொல்லுங்க வாத்தியாரே, எதுல குந்திகினு இருந்தீங்க?"

கடையே என்னைப் பார்த்தது. ஊரில் எது எந்தத் தேதியில் நடந்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள். அன்றைய திதி, உயிர் பிரிந்த நேரம், பாடை எடுத்த நேரம், எல்லாம் தெரியும். எதன்மேல் உட்கார்ந்தேன் என்று மட்டும் பார்க்கவில்லை. கிளப்புக்காரர் நிஜம் சொல்கிறாரா, என்னைச் சாட்சியாக்கித் தப்பிக்கப் பார்க்கிறாரா?

"தெரியாது" என்றேன். பிறகு அந்தப் பச்சைப் பலகையில் உட்கார்ந்து ஒரு காப்பி கேட்டேன்.

வண்டிக்காரர் சற்று யோசித்தார். ஓர் ஆள் இடம் விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் என் வகுப்பில் கடைசிப் பெஞ்சு காலி. அந்த வரிசைப் பையன்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் போடாத ஒருவனைப் பெஞ்சுமேல் ஏறச் சொன்னேன்.

"வேணாம் சார், அடிச்சிடுங்க" என்று கையை நீட்டினான்.