தள்ளுபடி அட்டைக்குப் பயந்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தள்ளுபடி அட்டையை, அரசாங்கம் எனக்கு வைத்த பொறி என்று நான் நம்பினேன். ஒரு நிமிஷம் வந்து போன சந்தேகம் என்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் நம்பினேன். அதை நம்பி செருப்புக் கடையில் பொய் சொன்னேன், மெடிக்கல் ஷாப்காரரோடு மல்லுக்கு நின்றேன், கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன் என் கையைப் பிடித்து நிறுத்தி வைக்கும் நிலைக்குப் போனேன். வயது ஐம்பத்து மூன்று. தலையில் முடி போனாலும் உள்ளே ஏதோ மிச்சம் இருக்கும் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்த காலம்.

எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை வளர்கிறாள். பெயரைச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நாங்கள் பெற்றவள் இல்லை, தத்தெடுத்தவளும் இல்லை. சொந்த வீட்டில் இருக்க முடியாத குழந்தையை, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு ஒரு குடும்பத்தில் வளரக் கொடுப்பார்கள். ஃபாஸ்டர் கேர் என்று பெயர். அந்த உத்தரவுக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடியும்போது நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிக்க மாட்டார்கள். அந்த ‘அல்லது’வைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

வினை என் வாயால் வந்தது. முதலில் விசாரணைக்கு ஒரு அதிகாரி மேடம் எங்கள் கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்தார். சமையலறை, பாத்ரூம், மொட்டை மாடி எல்லாம் பார்த்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்: “இதுல உங்களுக்கு ஏதாவது ஆதாயம் எதிர்பார்க்கிறீங்களா சார்?”

நான் எங்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா வேஷம் போடுகிறவன். குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ராஜா. இதை மட்டும் விசாரணையில் உளறிவிடாதீர்கள் என்று மனைவி முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். உளறவில்லை. ஆனால் அந்தக் குரல் வந்துவிட்டது.

“மேடம், இந்தக் குழந்தையால எனக்கு ஒரு ரூபா லாபம் வந்துச்சுன்னா, அன்னைக்கே நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடலாம்!”

மேஜைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். மேடம் எதையோ எழுதிக்கொண்டார்.

குழந்தை வந்தாள். முதலில் என்னை “சார்” என்றாள். அதுவரை அவள் இருந்த குழந்தைகள் விடுதியில் ஆம்பளை யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்களாம். மழைக்காலம் முடிவதற்குள் “மாமா” ஆனேன். இதற்காக நான் ஆபீசில் கேக் வெட்டியதை மனைவியிடம் சொல்லவில்லை.

நீட்டிப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது கூரியரில் அந்த அட்டை வந்தது. நீல நிறம். ‘பராமரிப்பாளர் சலுகை அட்டை’ என்று மேலே. வீட்டில் நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், வளர்ப்புக் குடும்பங்களுக்கும், தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை இன்னின்ன கடைகளில் விலையில் சலுகை என்று கீழே. செருப்பு, மருந்து, மூக்குக் கண்ணாடி, ஸ்கூல் பை, ரத்தப் பரிசோதனை. பின்னால் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்துவதாக ஒரு வரி. நடுவில் என் பெயர், இனிஷியல் உட்படப் பிழையில்லாமல். என் பெயரைச் சொந்தக்காரர்களே கல்யாணப் பத்திரிகையில் சரியாகப் போட்டது கிடையாது. எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. குழந்தை விஷயம் ரகசியமாக வைக்கவேண்டியது. செருப்புக் கடைக்காரனுக்கு என் பெயரைக் கொடுத்தது யார்?

மனைவி ஸ்கூலில் இருந்தாள். டீச்சரை வகுப்பு நடுவில் கூப்பிட முடியாது. மேடவாக்கத்தில் இருக்கும் அவள் தம்பியைக் கூப்பிட்டேன். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. உலகத்தில் எதையும் நம்பாததற்கு அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

“அத்தான், எவனாவது சும்மா குடுப்பானா?” என்றான். “எங்க ஆபீஸ்ல இப்படித்தான். ‘உங்களுக்கு கிஃப்ட் வவுச்சர் விழுந்திருக்கு’ன்னு அவங்களே மெயில் அனுப்புவாங்க. ஆசைப்பட்டு எவன் க்ளிக் பண்றானோ அவன் மாட்டினான்.”

“யார் அனுப்புறது?”

“கம்பெனிதான். டெஸ்ட் பண்றாங்க.”

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். “கார்டை எப்படிடா மச்சான் க்ளிக் பண்றது?”

“கடையில நீட்டினீங்கன்னா அதான் க்ளிக்.”

மேஜையும், மேடமும், அவர் எழுதிக்கொண்டதும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. ஒரு ரூபாய் லாபம் வந்தால் கூட்டிட்டுப் போயிடலாம். ஆதாயத்துக்கு ஆசைப்படுகிறானா பார்க்க, ஆதாயத்தையே அனுப்பியிருக்கிறார்கள்! அட்டையை நீட்டுகிற அன்றைக்கு, கல்லாப்பெட்டியில் மணி அடிக்கும். செங்கல்பட்டுக் குழு ஆபீசில் ஒரு ஃபைல் மூடும். இப்படித்தான் நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன். “உங்களுக்கு பித்தம் ஏறிடுச்சு. ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் குடிங்க” என்றாள். அவளையும் அந்தச் சமயத்தில் முழுசாக நம்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தூக்கிப் போடவும் பயம். போட்டால், அரசாங்கச் சொத்தை அழித்தான் என்பார்கள். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூல் ஷூ வாங்க அவளைத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒரு காலில் புது ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தாள். கடையில் வேலை பார்க்கும் பெண் என் சட்டைப் பையில் தெரிந்த அட்டையைப் பார்த்துவிட்டாள்.

“சார், அது பராமரிப்பாளர் கார்டுதானே? குடுங்க, பில்லுல கம்மி பண்ணித் தரேன்.”

“எது? இதுவா? இது வேற ஏதோ.”

“இல்ல சார், நீலக் கார்டு. எங்க கடை பேரு கூடப் போட்டிருக்கும் பாருங்க.”

பெஞ்சில் ஒரு ஆள் போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கேமரா எங்கள் பக்கம். ஏரோது குரல் தானாக வந்தது. “அந்த மாதிரி கார்டெல்லாம் எங்ககிட்ட கிடையாதும்மா! எங்களுக்கு வேணவே வேணாம். இந்தப் பொண்ணுக்கும் அந்தக் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முழு விலை போடு!”

கடையே திரும்பிப் பார்த்தது. போன் பிடித்தவன் மட்டும் திரும்பவில்லை. அது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. வெளியே வந்தால் அவனும் வந்தான். கரும்பு ஜூஸ் வண்டியில் நின்றோம், அவனும் நின்றான். அப்புறம் ஒரு அம்மாள் நாலு பைகளோடு வந்து, “வீடியோ கால்ல கலரைக் காட்டுன்னா கடையைக் காட்டிட்டு இருக்கே” என்று அவனைத் திட்டிக் கூட்டிப்போனாள். நல்ல ஏற்பாடு, ஜோடியாக அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு எந்தக் கடையிலும் எந்தத் தள்ளுபடியும் வாங்குவதில்லை என்று தீர்மானம். கேம்ப் ரோடு மெடிக்கல் ஷாப்காரர் எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார். குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கப் போனபோது, “குறைக்காதீங்க, முழுசாப் போடுங்க” என்றேன்.

“எப்பவும் போடறதுதானே சார்?”

“இனிமே வேணாம். குறைச்சீங்கன்னா நான் வேற கடைக்குப் போயிடுவேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இன்னா சார், வூட்ல எல்லாம் நல்லாத்தானே கீது?”

வீட்டில் நன்றாக இல்லை. குழந்தை மாறிப்போயிருந்தாள். புது ஷூ டப்பாவிலேயே இருந்தது. காலைக் கடிக்கும் பழையதைப் போட்டுக்கொண்டு போனாள். தோசை இன்னொன்று வேண்டுமா என்றால் வேண்டாம் என்றாள். ஒரு நாள் மனைவியிடம், “அத்தை, இந்தப் பை என்னோடதா, இங்கேயே வச்சிட்டுப் போகணுமா?” என்று கேட்டிருக்கிறாள். எங்கே போகிறாய் என்றால் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு தடவை என்னை “சார்” என்று கூப்பிட்டாள்.

மனைவி, “நீங்க என்ன பண்ணீங்க?” என்றாள். நான் என்ன பண்ணினேன்? நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டல்லவா இருந்தேன்! எனக்குத் தோன்றியது இதுதான்: ஸ்கூலில் யாரோ வந்து இவளைத் தனியாக விசாரிக்கிறார்கள். ‘அந்த வீட்டுல உன்ன வச்சு என்னென்ன வாங்குறாங்க?’ என்று கேட்கிறார்கள்.

ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு, ஸ்கூல் விடுகிற நேரத்துக்குப் போய் கேட்டுக்கு எதிரே இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று உளவு பார்த்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாள் என் தோளில் ஒரு கை விழுந்தது.

“இன்னா சார், டெய்லி வந்து நின்னுகினு கீறீங்க? யாரைப் பாத்துகினு கீறீங்க?”

வாட்ச்மேன். நல்ல உயரம். நான், “சும்மா, இளநீர்…” என்றேன். இளநீர்க்காரர், “ஒண்ணும் வாங்கலபா இவரு, மூணு நாளா” என்று காட்டிக் கொடுத்தார்.

“நம்ம பொண்ணு இங்க படிக்குதுங்க.”

“எந்தப் பொண்ணு?”

காட்டினேன். அவள் வேனுக்கு வரிசையில் நின்றிருந்தாள். வாட்ச்மேன் என் கையை விடாமல் இழுத்துக்கொண்டே போய் அவள் முன் நிறுத்தினார். அவளிடம் மட்டும் குரல் மெதுவானது. “பாப்பா, பயப்படாத. இவரு யாரும்மா உனக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். யோசித்துச் சொன்னாள்: “தெரிஞ்சவங்க.”

வாட்ச்மேனின் பிடி இறுகியது. என் மனைவிக்குப் போன் போட்டார்கள். போனிலிருந்து அவள் குரல் வெளியே கேட்டது: “என் வீட்டுக்காரர்தாங்க. கொஞ்சம் ஒரு மாதிரி. பயப்படாம அனுப்பி வைங்க.”

வேனை விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். என்னால் எந்த ஜோக்கும் அடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்ததும் கேட்டேன். “ஏம்மா அப்படிச் சொன்ன? நான் உனக்குத் தெரிஞ்சவங்க மட்டும்தானா?”

காலணியைத் தரையில் தேய்த்தாள். “நீங்கதானே கடையில சொன்னீங்க.”

“என்ன சொன்னேன்?”

“கார்டு இல்லன்னு. வேணாம்னு.” பிறகு விஷயம் தெரியாதவனுக்கு விளக்குகிற மாதிரி சொன்னாள். “ஹோம்ல எனக்கு ஒரு கார்டு இருந்துச்சு, கழுத்துல. இங்க வரும்போது அதை வாங்கிட்டாங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு கார்டு வந்துச்சு. அது என்னை வச்சுக்கிறதுக்குத்தானே? அந்த அக்கா கேட்டாங்க. நீங்க இல்ல, வேணாம், சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டீங்க.”

எங்கள் வீட்டில் அந்த அட்டைக்குப் பயந்தது நான் ஒருவன் மட்டும் என்று நினைத்திருந்தேன். இது அவளைப் பறிக்க வந்த அட்டை என்று நான் நம்ப, அவளை இருக்கவிடும் அட்டையே அதுதான் என்று அவள் நம்பியிருக்கிறாள். நான் கடை நடுவில் நின்று அதை வேண்டாம் என்று கத்தியிருக்கிறேன்.

அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “இது செருப்பு விலையைக் கொஞ்சம் குறைக்கிற கார்டு.”

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அப்ப ஏன் வேணாம்னீங்க?”

“பயம்.”

“செருப்புக்கா?”

“உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அட்டையைத் திருப்பித் தரவில்லை, தன் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மேடம் வீட்டுக்கு வந்தார். கேட்பதற்குள் நானே எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை வந்தது, நான் பயன்படுத்தவில்லை, சாட்சிக்கு மெடிக்கல் ஷாப்காரர் இருக்கிறார். மேடம் டீயைக் கீழே வைத்தார்.

“உங்க பேரை நாங்கதான் சார் குடுத்தோம். உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தானே குடுத்தேன்? ‘உங்க இஷ்டம் மேடம், உங்க இஷ்டம் மேடம்’னு நாலு தடவை சொன்னீங்க.”

ஞாபகம் வந்தது. பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மேடம் நம்பர் என்றதுமே நடுங்கிப்போய், ஒரு வார்த்தை காதில் விழாமலே எல்லாவற்றுக்கும் சரி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு ரூபாய் வசனத்தை எழுதிக்கொண்டீர்களே என்றேன். “அப்படிச் சொன்னீங்களா? மொட்டை மாடியில கைப்பிடிச் சுவர் இருக்குன்னு எழுதியிருப்பேன்” என்றார். மனைவி சிரிப்பை அடக்க உள்ளே போனாள்.

ஆனால் நீட்டிப்பு பாக்கி இருந்தது. செங்கல்பட்டில் குழு முன்னால் மூன்று பேரும் போனோம். எங்களிடம் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் தனியாகப் பேசினார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு மேடம் மேலும் சந்தேகமில்லை, அட்டை மேலும் சந்தேகமில்லை. உள்ளே யாராவது, ‘அவங்க உனக்கு யாரும்மா?’ என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது ஒன்றுதான் பயம். மனைவி ஜெபம் செய்தாள். நான் நகத்தைக் கடித்தேன்.

உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று குழுவில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சலுகை அட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உத்தரவை நீட்டித்தார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் தாம்பரம் வந்து சேர்ந்தோம்.