அக்கா வைத்துப்போன அடையாளம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆண்டு ஆராதனைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டும், அதைத் தங்கையான நீதான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். பொறுமைசாலி, மென்மையானவர் என்று எழுதி முடித்திருக்கலாம். அக்கா பொறுமைசாலி அல்ல. எனக்குப் பொய் எழுதவும் வராது.

அக்கா உடுவிலில் பிறந்தார். அண்ணா மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. பள்ளிக்கூடத்தில் அக்காவோடு ஒரே வாங்கில் இருந்த தோழி ஒருவர் உண்டு. போர்க்கால இடப்பெயர்வின்போது அக்காவுக்குக் கடும் காய்ச்சல். சனம் முழுவதும் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, அந்தத் தோழி தன் வீட்டாரை முன்னே போகவிட்டு, அக்காவைச் சைக்கிளில் இருத்தி, மழைக்குள் தள்ளிக்கொண்டு வந்து எங்களிடம் சேர்த்தார். அந்தப் பாசத்தில்தான் பிற்காலத்தில் அவரையே அண்ணாவுக்குக் கலியாணம் பேசிச் செய்துவைத்தார் அக்கா. அதுவே வினையாகப் போயிற்று.

ஆக்லாந்துக்கு வந்த பிறகு அண்ணா தன் மனைவியான எங்கள் மச்சாள்மேல் கைநீட்டத் தொடங்கினார். சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். "குடும்பமெண்டால் அப்பிடி இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனார்கள். ஒருநாள் அக்கா அவர்கள் வீட்டுக் குசினியில் நின்றபோது, "விட்டிட்டுப் போனாயெண்டால் உன்னையும் பிள்ளையையும் உயிரோட வைக்கமாட்டன்" என்று அண்ணா சொல்வது கேட்டது. அவர் கத்திச் சொல்லவில்லை. அதுதான் தன்னைப் பயப்படுத்தியது என்றார் அக்கா. அண்ணா ஈஸ்ட் டாமாக்கியில் வேலையில் இருந்த ஒரு பகலில், அக்காவும் அத்தானும் மச்சாளையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வேறோர் ஊரில் விட்டார்கள்.

அன்று மாலையே அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீ என்ர கூடப்பிறந்தனியோ, அவளின்ர கூடப்பிறந்தனியோ?"

"பாலத்துக்கு அங்கால என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது நீங்களில்லை, அண்ணா."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அண்ணா எறிந்தார். அக்காவின் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. நானும் அங்கே இருந்தேன். பிறகு நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது. அண்ணா காகிதத்துக்குப் பயப்படுகிறவர் அல்ல. அவருடைய கார் எங்கள் தெருவில் மெதுவாகப் போவதும் வருவதும் வழக்கமாயிற்று. மச்சாளின் தொலைபேசி எண்ணை அக்கா எனக்குக்கூடத் தரவில்லை. மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஞாயிறு பாடசாலையில் அக்கா பிள்ளைகளுக்கு விரும்பிச் சொன்னது, எபிரேயரின் பழைய வேதத்தில் வரும் ஓர் அரசகுமாரனின் கதை. அவனுடைய நண்பனை அவன் தகப்பனே கொல்லத் தேடுகிறான். விருந்தில் நண்பனின் இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. நண்பனுக்காகப் பேசிய மகன்மேலேயே அரசன் ஈட்டியை எறிகிறான். மகன் வயலுக்குப் போய், முன்பே பேசிவைத்தபடி அம்பை எட்டி விழும்படி எய்கிறான். ஒளிந்திருக்கும் நண்பனுக்கு அதன் பொருள், ஓடிப்போ என்பது. ஏன் ஒரு டெக்ஸ்ட் அனுப்பியிருக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது. "ஃபோனை ராசா பாத்திடுவார், பிள்ளை" என்றார் அக்கா. பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

வைத்தியசாலையில் கடைசி நாட்களில் என்னை அருகே கூப்பிட்டார். "என்ர அடக்க ஆராதனையை நேரலையில போடுவீங்கள்தானே, அவள் பாப்பாள். அண்ணா அவளைத் தேடி வெளிக்கிட்டாரெண்டால் வாசிப்பை மாத்து. அம்புக் கதையை வாசி. அவளுக்கு விளங்கும். நாங்கள் பேசி வச்சது."

அத்தான் பாவம், சூதுவாது தெரியாதவர். நம்மவர்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு உறவின் பெயருக்குப் பக்கத்திலும் ஊர் இருக்கும். ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாது என்று, மச்சாளின் பெயரை 'உடன்பிறவாச் சகோதரி' என்று போட்டு, அவர் இருக்கும் ஊரையும் எழுதி இணையத்தில் கொடுத்துவிட்டார்.

அடக்கத்தன்று மனுகாவ் மண்டபத்தில் அண்ணா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் அருகே போனதும் தன் ஃபோனில் அந்த அறிவித்தலைக் காட்டினார். "அவள் இஞ்ச வருவாள்தானே? வராட்டியும் பரவாயில்லை. இனி ஊர் தெரியும்."

பொலிசுக்குச் சொல்லும்படி அத்தானிடம் சொல்லிவிட்டு வாசிக்க எழுந்தேன். குறித்துவைத்த சங்கீதத்தை விட்டுவிட்டு, அம்புக் கதையை எடுத்தேன். போதகர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெட்டியில் கிடந்த அக்காவைப் பாராமல் கமராவைப் பார்த்து வாசித்தேன். ஓடிப்போகச் சொல்லும் இடத்தை மறுபடியும் வாசித்தேன்.

சில நாட்கள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நீ வாசிச்சதைக் கேட்டனான், தங்கச்சி. உன்ர அக்காவைப் பாக்க வெளிக்கிட்டு அரைவாசித் தூரம் வந்திட்டன். பிள்ளைதான் பக்கத்திலயிருந்து ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். உடனே காரைத் திருப்பினன். வீட்டையும் போகேல்லை. அவளின்ர முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை."

இருவரும் அழுதோம். அவர் விட்டுவந்த வீட்டின் கதவை அன்று மாலை ஒருவர் நெடுநேரம் தட்டிக்கொண்டு நின்றதாகப் பக்கத்து வீட்டார் பிறகு அவருக்குச் சொன்னார்களாம்.

அக்காவை நோயில் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த சபையாருக்கும், அன்று வந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரை அண்ணாவும் வாசிப்பார். வாசிக்கட்டும். பழைய அடையாளம் இனி உதவாது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். எங்களிடம் வேறொன்று இருக்கிறது.

இது இணையத்திலும் வரும் என்பதால் கடைசி நன்றி உங்களுக்கு, மச்சாள். அன்று வராமல் திரும்பிப் போனீர்களே, அதற்கு. ஆண்டு ஆராதனைக்கும் வராதீர்கள். அண்ணா வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.