ஜானவாசக் காருக்குக் குதிரைசக்தி ஏற்றிய ஜம்பு மாமா

ஜனக்புரியில் ஜம்புநாதன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜானவாசக் கார் மாமா என்றால் ஆட்டோக்காரன்கூட வீட்டு வாசலில் கொண்டு விடுவான். அறுபத்தெட்டாம் வருஷத்து மாடல், பிஸ்தாப் பச்சை, மேலே கூரை கிடையாது. டில்லியில் பழைய வண்டிகளை ஓட்டவிட மாட்டார்களே என்று அலையாய் அலைந்து அதை விண்டேஜ் கார் என்று பதிவு பண்ணி வைத்திருந்தார். தமிழர் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டோடு இதில் உட்காரவைத்து, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆமை வேகத்தில் மண்டபத்துக்கு அழைத்துப் போவார். காசு வாங்க மாட்டார். மனுஷருக்கு அதில் ஒரு பெருமை.

அந்தப் பெருமையில் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மண் விழுந்தது. மண்டபம் இருப்பது ஒரு மேட்டின் உச்சியில். பாதி ஏற்றத்தில் என்ஜின் நின்றுபோய், மாப்பிள்ளையே இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. அந்த மாப்பிள்ளை இன்றுவரை மாமனாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இப்போது ஜம்புவின் ஒரே பெண் ஹம்சாவுக்கே கல்யாணம், அதே மண்டபத்தில். மாப்பிள்ளை ப்ரசன்னா எப்படிப்பட்ட பையன் என்று இன்னும் பிடிபடவில்லை, வாயைத் திறந்தால்தானே? அவன் அப்பா ஜெயகிருஷ்ணனோ, காபியில் ஆடை மிதந்தால் அதையே மூன்று நாள் பேசுகிறவர். தள்ளுவண்டி வீட்டுப் பெண் என்று ஹம்சா பெயர் வாங்கிவிடக் கூடாதே என்று ஜம்புவுக்குத் தூக்கம் போயிற்று.

மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே ஷெட் போட்டிருந்த மெக்கானிக் தீனாவிடம் போனார். புது என்ஜின் எல்லாம் கட்டுப்படியாகாது. மனைவி வைதேஹி கல்யாணச் சாப்பாட்டுப் பட்டியலில் ஜாங்கிரியை அடித்துவிட்டுக் கொடுத்த பணம்தான் மொத்த பட்ஜெட். தீனா அசரவில்லை. என்ஜினின் மேல் பாகத்தைக் கழற்றி அடியில் கொஞ்சம் இழைத்தான். உள்ளே அழுத்தம் கூடுமாம். காயலான் கடைக் கார்புரேட்டர் ஒன்றைப் பெரிதாகப் பார்த்து மாட்டினான். புகைக்குழாயை அகலமாக்கினான். வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை ரேஸ் வண்டிக் கணக்கில் மாற்றினான். நாற்பது குதிரை ஐம்பத்தைந்து ஆயிற்று.

"அங்கிள், வண்டி இப்ப ஜல்தி ஓடும். ஸ்லோவா போனாதான் கொஞ்சம் மக்கர் பண்ணும்," என்றான் தீனா.

முதல் பாதி மட்டும்தான் ஜம்புவின் காதில் ஏறியது. துவாரகாப் பக்கம் ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தார், பறந்தது. மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜானவாசக் காரை வேகமாக மட்டுமே ஓட்டிச் சோதித்த மகானுபாவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருப்பார்.

ஜானவாசத்தன்று கோவில் வாசலில் மாலையும் கழுத்துமாக ப்ரசன்னா ஏறினான், கூடவே நாலு வாண்டுகள். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஜம்பு முதல் கியரைப் போட்டார். கார் இருமியது, குலுங்கியது. நின்றுவிடப் போகிறதே என்று பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அவ்வளவுதான். நாதஸ்வரக்காரர் ஒரு பக்கம் தாவ, தவில்காரர் இன்னொரு பக்கம் தாவ, கார் நடுவில் புகுந்து போய்விட்டது. ஊர்வலத்தைக் கோவிலில் விட்டுவிட்டு மாப்பிள்ளை மட்டும் மண்டபத்தில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? பக்கத்தில் இருந்த பார்க்கைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஊர்வலத்தின் பின்னால் வந்து சேர்ந்தார். வேகத்தைக் குறைத்தால் மறுபடி இருமல், மறுபடி மிதி. இப்படியே நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயகிருஷ்ணன் கையை ஆட்டி ஏதோ சொன்னார். காதில் விழுவதற்குள் அவரைத் தாண்டியாயிற்று. வாண்டுகளுக்குப் பரமானந்தம். மூன்றாவது சுற்றிலேயே தவில்காரர் தாளம் தப்பாமல் ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஐந்தாவது சுற்றில், சரியாக மேட்டின் அடியில், கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சாவியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து குதிரையும் படுத்துவிட்டன. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஸ்டீயரிங்கையே வெறித்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டார்.

"மாமா, நீங்க எறங்காதேங்கோ. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கோங்கோ, நான் தள்றேன்," என்று ப்ரசன்னா கோட்டைக் கழற்றி ஒரு வாண்டின் தலையில் போட்டான்.

பிள்ளை தனியாகத் தள்ளுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஜெயகிருஷ்ணனும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சம்பந்தியே தள்ளும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? இரண்டு வீட்டாரும் தோள் கொடுத்தார்கள். நாதஸ்வரம் முன்னால் நடக்க, கார் ஜானவாசத்துக்கு உரிய வேகத்தில் மேட்டில் ஏறியது. உள்ளே யார் என்று பார்த்தால், ஜம்பு ஒருவர்தான்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த வைதேஹி, கார் வந்து நின்றதும் யாரென்று பார்க்காமலே சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது சுற்றில்தான் உள்ளே உட்கார்ந்திருப்பது தன் புருஷன் என்பதைக் கவனித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ப்ரசன்னா மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மாமா, இந்த வண்டியை வித்துடாதேங்கோ," என்றான். "நாளைக்கு ஹம்சாவை இதுலதான் ஆத்துக்கு அழைச்சுண்டு போகணும். அப்பாவும் நானும் தள்ளிக்கறோம்."