வண்டி பார்த்த வருஷம்

என் அப்பா ஒரு பிக்கப் வேன் வாங்க ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். அதில் வாங்குவதற்கு ஆனது அரை மணி நேரம்தான். மீதி முழுவதும் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் போயிற்று. அந்த ஒன்பது மாதமும் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊர் சானமாவுக் காட்டை ஒட்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஓசூரில் ஃபோர்த் ஃபாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, சேர வேண்டும். எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. காட்டோரப் பாதையில் யானை நிற்கும், அதனால் நடந்து போக விடமாட்டார்கள். மாட்டு வண்டியில் போனால் நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பீரியட் முடிந்திருக்கும். எட்டாவதில் முதல் மார்க் வாங்கியவள் நான். வாங்கி என்ன, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்துக் காய்களைப் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு வேன் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். தக்காளியும் பீன்ஸும் மாட்டு வண்டியில் போய்ச் சேர்வதற்குள் பாதி நசுங்கிப்போயிருக்கும். அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வண்டி வரட்டும் கண்ணு. காலையில காய் ஏத்திக்கினு போறப்ப உன்ன இஸ்கூல்ல எறக்கிவுட்டுட்டுப் போறன். திரும்பறப்ப ஏத்திக்கினு வர்றன்."

சித்திரை மாதம் அது. ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும். இரண்டு மாதத்தில் ஒரு வண்டி வாங்க முடியாதா என்று நான் நம்பினேன். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளை அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

பெங்களூரில் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நின்றன. ஒன்று உலகச் சண்டை முடிந்த பிறகு மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட அமெரிக்க வண்டி. இன்னொன்று ஒரு தோட்டத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன இங்கிலாந்து வண்டி. அப்பாவுக்கு அமெரிக்க வண்டி மேல் ஆசை. அது பெரியது, சத்தம் போடுவது, பார்த்தால் நாலு பேர் ஒதுங்குவார்கள். சித்தப்பாவுக்கு இங்கிலாந்து வண்டி. அது சின்னது, வழவழவென்று இருப்பது, அதில் தலை சீவிக்கொள்ளக் கண்ணாடி உண்டு. சித்தப்பாவிடம் டிரைவர் லைசென்ஸ் இருந்தது. ஆகவே தன் பேச்சுக்கு எடை கூட என்று நினைத்துக்கொண்டார். அப்பாவிடம் மாந்தோப்பு விற்ற பணம் இருந்தது. அவர் நினைப்பில் எடை அங்கேதான் இருந்தது.

அமெரிக்க வண்டியில் ஸ்டீரிங் இடது பக்கம். நம் ரோட்டில் முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது எதிரே வரும் லாரி தெரியாது.

"ஏண்ணா, எதுக்க வர்றவன எட்டிப் பாக்க நான் கழுத்த கழட்டி அந்தப் பக்கம் வெக்கணுமா?" என்றார் சித்தப்பா.

"பள்ளம் நல்லாத் தெரியும் இல்ல?" என்றார் அப்பா.

பள்ளத்தில் விழும்போது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே விழலாம் என்பதுதான் அந்த வண்டிக்கு அப்பா கண்டுபிடித்த முதல் வசதி. இங்கிலாந்து வண்டிக்கு வயிறு தாழ்வு. எங்கள் பாதையில் மாட்டு வண்டிச் சக்கரங்கள் வெட்டிய தடம் முழங்கால் ஆழம் இருக்கும். வண்டி அதில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் வரவேண்டும். மழைக் காலத்துக்குள் ஊர்க்காரர்கள் ரோட்டைச் சரிசெய்துவிடுவார்கள் என்று சித்தப்பா சமாளித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு ஓட்டையே சரிசெய்யாதவர்கள்.

இந்த ஒப்பிடல் வீட்டில் உட்கார்ந்து நடந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் வண்டியை நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று சனிக்கிழமைதோறும் இருவரும் எல்லை தாண்டிப் போனார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சீமை, அங்கே கடை திறந்திருக்கும். இதைச் சொல்லிவிட்டால் ஒன்பது மாதக் கணக்கு உங்களுக்குப் புரிந்துவிடும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் பெங்களூரில் ஏதாவது வேலை இருந்தது. ஒருவர் பம்பு செட்டு பார்க்கப் போவார், ஒருவர் பல்லைக் காட்டப் போவார். பல் வலிக்காரர் திரும்பும்போது சோதனைச் சாவடியில் இறங்கி, போலீஸ்காரர் முன்னால் ஒரு கோடு பிடித்து நேராக நடந்துகாட்டுவார்.

அப்பாவும் சித்தப்பாவும் வாய் நிறைய ஏலக்காய் மென்றுகொண்டு வருவார்கள். அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஒரே ஒரு நாள் கேட்டாள்.

"வண்டிய கண்ணால தானே பாக்கறீங்க? வாயில என்னாத்துக்கு இத்தன ஏலக்கா?"

அந்த வாரம் அப்பா அம்மாவோடு பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் போனார்கள். அன்று ஹார்ன் சத்தத்தை ஒப்பிட்டார்களாம்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஓசூர் ஹெட்மாஸ்டர் ஆடி கடைசிவரை எனக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். நான் தினமும் அப்பாவிடம் கேட்டேன். "அவசரப்பட்டா ஆவுமா? லட்சணம் பாக்கணும்" என்றார். லட்சணம் பார்க்க ஒருவரையும் கூட்டிப் போனார். அவர் எங்கள் சுற்றுவட்டாரத்தின் மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் அவர் சொல்லாமல் எவனும் காளை பிடிக்கமாட்டான். மாட்டிடம் தெலுங்கிலும், விற்கிறவனிடம் கன்னடத்திலும், வாங்குகிறவனிடம் தமிழிலும் பேசுவார். கல்யாணத் தரகும் அவரேதான். இரண்டு வேலைக்கும் ஒரே துண்டு.

நான் அங்கே இல்லை. சித்தப்பா இதை நாலைந்து விதமாகச் சொல்லியிருக்கிறார். எல்லா விதத்திலும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன். தரகர் முதலில் அமெரிக்க வண்டியைச் சுற்றி வந்தார். முகப்பு விளக்குகளுக்கு நடுவே இருந்த கீறலைத் தடவி, "இது நெத்திச் சுழி. குடும்பத்துக்கு ஆவாது" என்றார். பிறகு இங்கிலாந்து வண்டிக்குப் போய்ப் பின்பக்கத்தைத் தட்டினார். "இடுப்பு சின்னது. ஏர் இழுக்கும், பாரம் இழுக்காது" என்றார். வண்டி ஏர் இழுப்பதற்கு இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு விலை பேச வேண்டும். தரகர் தோளில் இருந்த துண்டை எடுத்து, கோட்டு போட்டிருந்த விற்பனைக்காரரின் கையைப் பிடித்து, துண்டுக்குள் மறைத்து, விரலை அழுத்தினார். சந்தையில் விலை அப்படித்தான் பேசுவார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தொகை. அந்தக் கோட்டுக்காரருக்கு இது என்ன தெரியும்? முதலில் சிரித்தார், பிறகு முகம் சிவந்தது, பிறகு கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எல்லாரும் பார்க்க வியாபாரம் பேசத் தெரியாதவன் என்று தரகர் அவரைத் திட்டினார்.

இரண்டு வண்டிக்கும் குறை சொல்லிவிட்டதால் ஒப்பிடல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. ஆடி முடிந்தது. என் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் நான் பெரியவளானேன். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புட்டு அவித்துப் போட்டார்கள். பதினாறு நாள் கழித்து நான் புத்தகத்தை எடுத்தபோது அப்பா பார்த்துவிட்டு, "இனிமே என்னாத்துக்குக் கண்ணு அது?" என்று அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். ஆடியிலேயே அந்த வண்டி வந்திருந்தால் நான் ஃபோர்த் ஃபாரத்தில் பாதி தாண்டியிருப்பேன், நிறுத்துவதற்கு அவர்களுக்கே கொஞ்சம் மனம் கூசியிருக்கும். ஹார்னையும் ஏலக்காயையும் ஒப்பிட்ட இரண்டு பேரால் என் படிப்பு போயிற்று என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன்.

தை மாதம் இங்கிலாந்து வண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் ஒன்றுதான் நின்றது. அன்றே அரை மணி நேரத்தில் அமெரிக்க வண்டியை வாங்கிவிட்டார்கள். தன் பேச்சுதான் ஜெயித்தது என்று அப்பா மீசையைத் தடவினார். தான் சொன்ன வண்டி நல்ல வண்டி, அதனால்தான் முதலில் விற்றுப்போனது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டார். இருவருமே ஜெயித்துவிட்டார்கள்.

அந்த வண்டியில் ஏறிய முதல் சுமை காய் இல்லை. என்னைப் பெண் பார்க்க மத்தூரிலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளை தாலுக்கா ஆபீஸில் கிளார்க்கு. கூட்டி வந்தவர் அதே தரகர். என்னை நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காப்பி குடித்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்.

"பொண்ணு நல்லாத்தான் இருக்குது. கல்லாவி பக்கம் இன்னொரு பொண்ணு பாத்து வெச்சிருக்கறம். அது ஃபோர்த் ஃபாரம் படிச்சிக்கினு இருக்குது. எங்க பையனுக்குப் படிச்ச பொண்ணா இருந்தா தேவலைன்னு ஒரு நெனப்பு. ரெண்டையும் நிதானமா ஒப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றம்."

அவர்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டு அப்பா குதித்தார்.

"என்னா மனுசனுங்கடா இவனுங்க! ஒரு பொண்ணப் பாத்தமா, சரின்னு சொன்னமான்னு இல்லாம, நிதானமா ஒப்பிட்டுப் பாக்கறானுங்களாம்!"

அம்மா காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் தோள் குலுங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஆனால் அப்பாவுக்குத் தோற்கப் பிடிக்காது. கல்லாவிப் பெண் படிக்கிறாள் என்றால் தன் பெண்ணும் படிக்க வேண்டும். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்றே என்னை ஃபோர்த் ஃபாரத்தில் சேர்த்துவிட்டார். பெரியவளான பெண்ணை அனுப்பலாமா என்று ஊரில் இரண்டு பேர் கேட்டார்கள். "மாப்ள வீட்டுல கேக்கறாங்க" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார். தினமும் காலையில் சித்தப்பா எதிரே வருகிறவனை எட்டி எட்டிப் பார்த்தபடி ஓட்ட, தக்காளிக் கூடைகளோடு நான் ஓசூர் போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தூர்க்காரர்கள் நன்றாக யோசிக்கட்டும், இன்னும் ஒரு வருஷம் யோசிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கார்த்திகையில் தரகர் வந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லாவிப் பொண்ணையே முடிச்சிட்டாங்க. ரெண்டும் படிக்கற பொண்ணுதான். அது நம்ம பொண்ணவிட ஒரு நூல் நெறம் கூட."

வீடு இழவு விழுந்ததுபோல ஆயிற்று. அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பா எழுந்து நின்று, என் பெண்ணை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்து அந்த மத்தூரான் மூஞ்சியில் கரி பூசுகிறேன் என்று கத்தினார். நான் அழுதேன். அவமானத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் சித்தப்பா எனக்கு மைசூர்பாகு வாங்கிவரப் போனார். எஸ்.எஸ்.எல்.சி. வரை என்று அப்பா வாயாலேயே சொன்னதற்காக அழுதேன் என்று எப்படிச் சொல்வது?

தரகர் கிளம்பும்போது நான் வாசல்வரை போனேன். என்னவோ கேட்கத் தோன்றியது.

"அந்தப் பொண்ணு இஸ்கூலுக்குப் போவுதுங்களா?"

"இனிமே என்னாத்துக்கும்மா? நிச்சயம் பண்ண அன்னிக்கே நிறுத்திட்டாங்க. ரொம்ப அழுதுச்சாம். எல்லாம் சரியாப் பூடும்."

மறுநாள் காலை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பா வாங்கிவந்த மைசூர்பாகு மடியில் இருந்தது, தின்னப் பிடிக்கவில்லை. அவளும் என்னைப்போல மத்தூர்க்காரர்கள் இன்னும் யோசிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருப்பாள். அவளை நான் பார்த்ததே இல்லை, பெயரும் தெரியாது. அவளுக்கு நிறம் ஒரு நூல் கூட இருந்தது, அதனால் அவள் வீட்டில் இருந்தாள். எனக்கு ஒரு நூல் குறைவு, அதனால் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார்கள். முதல் மணி அடித்துவிட்டிருந்தது. ஓடிப்போய் என் பெஞ்சில் உட்கார்ந்தேன்.