கடைக்குக் கடை நின்ற என் கணவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓணம் முடிந்த கையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. பழம்பொருள் கடைகள் நிறைந்த பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடையில் எனக்கு வேலை. என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்பவர். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருவார். பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம்.

அந்தச் சமயத்தில் அவருக்குத் திடீரென்று பழம்பொருட்கள் மேல் ஆசை வந்துவிட்டது. ஒரு கடை வாசலில் நின்று பித்தளை விளக்கைப் பார்ப்பார். கொஞ்ச தூரம் போனதும் மரப்பெட்டி. அப்புறம் ஓடாத கடிகாரம். வீட்டுக்கு ஒரு டம்ளர் வாங்கவே யோசிக்கிற மனிதர்! ராஜா வம்சமோ என்று கேலி செய்வேன். சிரித்து மழுப்புவார்.

ஒரு நாள் விளக்குக் கடைக்காரர் என்னைத் தேடி வந்தார். மலையாளிதான், எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார்.

“சேச்சி தப்பா ஒண்ணும் நினைக்கண்டா. சேட்டன் விளக்கைப் பாக்கறதே இல்ல. கெண்டைக்காலைத் தடவிக்கிட்டு, வலி போறவரை நிக்கறார். என்டெ அப்பனும் இப்படித்தான் நின்னார். நாங்க கவனிக்கல. கடைசில கால்விரலை எடுக்க வேண்டி வந்துச்சு.”

அன்று வீட்டில் அவரைப் பிடித்து உலுக்கியதும் உண்மையைச் சொன்னார். நடந்தால் கெண்டைக்கால் இறுகுகிறதாம், நின்றால் விட்டுவிடுகிறதாம். நான் பயப்படுவேன் என்று மறைத்திருக்கிறார்.

எர்ணாகுளத்தில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தொடையில் ஓரிடம், முழங்காலுக்குப் பின்னால் ஓரிடம் என ரத்தக்குழாய் அடைத்திருந்தது. இரண்டு இடத்திலும் ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்றேன், ஏதோ ஜன்னலுக்குக் கம்பி வைக்கச் சொல்வது போல. டாக்டர் சிரித்தார். காலை நீட்டியும் மடக்கியும் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். நீட்டியபோது நேராக இருந்த குழாய், மடக்கியதும் முழங்காலுக்குப் பின்னால் வளைந்து நெளிந்து கிடந்தது. தொடையில் அவ்வளவு வளைவில்லை. என் கணவர் குத்துக்காலிட்டு வேலை செய்கிறவர். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் வளையும், நாளடைவில் ஒடியலாம், மறுபடி அடைக்கலாம் என்று விளக்கினார். அதனால் தொடையில் மட்டும் ஸ்டென்ட், முழங்காலுக்குப் பின்னால் பலூனால் விரிப்பதோடு சரி.

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“வளையற இடத்துல நானும் இரும்புக் குழாய் போடமாட்டேன் சாரே. ரப்பர் ஹோஸ்தான் போடுவேன்.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்து கிளம்பும்போது டாக்டர், இவர் பிடிக்கும் பீடியை இனித் தொடக்கூடாது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்யவேண்டும் என்றார். தினமும் நடக்கவேண்டும்; வலித்தால் நின்று, வலி போனதும் மறுபடி நடக்கவேண்டும். இதைத்தானே இவர் ஜூ டவுன் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போன மாதம் வைப்பின் தீவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். படகு புறப்படத் தயாராக இருந்தது. அவர் விறுவிறுவென்று முன்னால் போய் ஏறிக்கொண்டு, வேகமாக வா என்று எனக்குக் கை நீட்டினார். எனக்கு மூச்சு வாங்கியது. ஒருவருக்குப் பின்தங்கி நடப்பதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.