ஜன்னலோரத்துக் கறுப்புப் பெட்டி

கோதைநாயகி பஸ்ஸில் ஏறியதும் முதலில் ஜன்னலோரத்தில் கறுப்புப் பெட்டியை உட்கார வைத்து, முந்தானையால் அதன் தூசியைத் தட்டி, அதற்கப்புறம்தான் தான் உட்காருவார். வலது கையில் வளையலுக்குப் பதில் கறுப்பு டேப் சுருள். பெட்டிக்குள் ஊசிமுனை வெளிச்சம்கூட நுழைந்துவிடக் கூடாது. ஓடுகிற பஸ்ஸிலும் அதன் ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே வருவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற துகள்களை எண்ணுவது அவர் ஆராய்ச்சி. கூரையைச் சுலபமாகத் துளைத்துப் போகும் அவை மலையிடம் திணறும். அய்யனார் கோவில் பக்கத்து மலை எத்தனை துகள்களை மறிக்கிறது என்று பார்க்கத்தான் இரண்டு வருஷமாக இந்தக் கருவியைச் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க, மலைக்குப் போகும் வழியெல்லாம் அதை ஓடவிட்டு எண்ணிக்கொண்டே போவார். துகள் ஒன்று கடந்தால் உள்ளே ஒரு மினுக்கு. வெளியே ஒரு ‘டிக்’.

போன சனிக்கிழமை அந்த ‘டிக்’தான் வினையானது. முன் இருக்கையில் கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த சுடலைமாடத்தி துள்ளி எழுந்தாள்.

“ஏ கண்டக்டரு! பொட்டிக்குள்ள என்னமோ டிக்கு டிக்குங்குதுய்யா!”

வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றது. மறு நிமிஷம் காலி. எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடிவிட, கண்டக்டர் சமுத்திரம் மட்டும் படியில் ஒற்றைக் காலை வைத்தபடி நின்றார்.

“டீச்சர், பொட்டியத் தொறங்க.”

வெடிகுண்டு பயம் கோதைநாயகிக்குப் புரியவே இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டார். “தொறக்கப்படாது! ஓடிக்கிட்டிருக்கு. இப்ப வெளிச்சம் பட்டா உள்ள மினுக்கப் பாக்குற குழாய் கருகிரும். வேற குழாய் வர ஒரு வருசம் ஆகும்!”

“அப்ப ஏன் சத்தம் போடுது?”

“வானத்துலேர்ந்து துகள் வருதுல்லா, அத எண்ணுது. கூரை வழியா, ஒங்க தலை வழியா போய்க்கிட்டே இருக்கு. உள்ளங்கைய நீட்டுங்க. வினாடிக்கு ஒண்ணாவது அது வழியா போகும்.”

சமுத்திரம் கையை நீட்டினார். திருப்பிப் பார்த்தார். “எங்க எறங்கும்?”

“நேரா பூமிக்குள்ளதான்.”

அவர் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. “எம் வண்டியில டிக்கெட் எடுக்காம அம்புட்டு பேரு போறானா?”

பிறகு மரத்தடியைப் பார்த்து விசில் ஊதினார். “ஏறுங்க, ஏறுங்க! ஒண்ணுமில்ல. மேல உள்ள ஆளுகதான்!”

கூட்டம் தயங்கித் தயங்கிப் படியருகே வந்தது. கோதைநாயகி கவனிக்கவில்லை. எஞ்சின் நின்றிருந்தது; குலுக்கல் இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக, ஆட்டத்தில் எழும் கள்ள ‘டிக்’ எதுவும் கலக்காமல், எண்ணிக்கை சுத்தமாக ஏறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, வெயிலில் நின்ற நாற்பது பேரின் பக்கம் ஒற்றை விரலை உயர்த்தினார்.

“செத்த நேரம் இருங்க.”